நீங்கள் கீழே இறங்கிய நாள்

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடிக் கம்பி வைத்தார்கள். வெல்டிங் வாடை எதிர்வீட்டில் என் சமையலறைவரை வந்தது. நீங்கள் இருந்த அறைக்கு வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் வாடகைக்கு வருகிறாராம். "அவங்க விழுந்துட்டா நம்ம பேரு கெட்டுடும் சித்தி" என்றான் உங்கள் மகன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நீங்களும் மாமாவும் கட்டிய வீடு. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்குக் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, உங்களை இரண்டாவது மாடிக்கு அனுப்பினான். "மேல காத்து நல்லா வரும்மா, மலையும் தெரியும்" என்று அவனே உங்கள் பையைத் தூக்கிப் போனான். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "மலையப் பாத்துக்கினே கெடக்க நான் என்னா சாமியாரா? எனக்குத் தெரு வேணும்டி."

பிறகு முட்டி மடங்க மறுத்தது. கம்பி ஒன்று வைக்கச் சொன்னீர்கள். படியில் இடம் கம்மியாகிவிடும் என்றான்.

வார்டு கூட்டத்துக்கு மட்டும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினீர்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்கு எங்கே பெஞ்சு, எங்கே கழிப்பறை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் எழுந்தீர்கள். "சுத்திட்டுப் போறவங்களுக்கு எல்லாம் பண்றீங்க. இங்கியே இருந்து வயசானவங்க எங்கங்க உக்கார்றது? நடைபாதைல வண்டி நிக்குது, நாங்க ரோட்டுல நடக்கிறோம்." யாரோ சிரித்தார்கள். "பாட்டிக்கு ஒரு டீ குடுங்கப்பா" என்றார் அதிகாரி. டீயைத் தொடாமல் வந்தீர்கள். திரும்பப் படியேறும்போது கோபத்தில் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள்.

அதன்பின் நீங்கள் இறங்கவேயில்லை. நான் மேலே வரும்போதெல்லாம் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆட்டோ சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

உயிர் போன பிறகுதான் உங்களை நாற்காலியில் வைத்துக் கட்டி இறக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. "பாத்துப்பா, அக்காவுக்கு வலிக்கப் போவுது" என்று கத்திவிட்டேன். எல்லோரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். உங்கள் மகன் மட்டும் பார்க்கவில்லை.

போன வாரம் என் மகனும் ஆரம்பித்தான். மாடி எழுப்பிக் கீழே வாடகைக்கு விடலாமாம். "தாராளமா கட்டு. நீ ஏறிப் போ. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் வாசப்படி எனக்கு வேணும்" என்றேன். இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.

எனக்கும் முட்டி வலிக்கத் தொடங்கிவிட்டது, அக்கா. உங்கள் கோபம் மட்டும் என்னிடம் மிச்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் தினமும் தெருவில் இறங்குகிறேன்.