புது விண்டோஸ் போடுவதற்கு முன்

பிரகாஷ் நைனாவுக்கு,

குழம்பு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். திருச்சானூர் லாட்ஜில் இன்று வேலைக்கு ஆள் குறைவாம், அதனால் சீக்கிரமே கிளம்புகிறேன்.

கம்ப்யூட்டர் கடை பாபு இன்று பத்து மணிக்கு வருவார். ரூபாவின் காலேஜ் வேலை பழைய எக்ஸ்பியில் ஓடவில்லை, அதனால் புது விண்டோஸ் போடப்போகிறார். போட்டால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடுமாம். விபத்துக்கு முன்னால் நம் பிள்ளை பிரகாஷ் குவைத்திலிருந்து அனுப்பிய வீடியோக்களைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டோம்.

ராத்திரி நீங்கள், "செத்தவன் மூஞ்சிய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? எல்லாம் அழியட்டும்" என்றீர்கள். அதனால்தான் நான் சாப்பிடாமல் படுத்தேன்.

இன்று காலை ஏற்றும்போது ரூபா சொன்னாள்: "அம்மா, இத நேத்து சாயங்காலம்கூட யாரோ பாத்துக்கினு இருந்திருக்காங்க, கடைசியா தொறந்த நேரம் காட்டுது." அவளும் நானும் அப்போது புத்தூரில் இருந்தோம். வீட்டில் நீங்கள் மட்டும்தான். பிரகாஷ் தோசை சுட்டுக்கொண்டே, "நைனா, துன்னியா?" என்று கேட்கும் வீடியோ அது.

காரியத்தன்றுகூட நீங்கள் அழவில்லையே என்று எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை.

பென் டிரைவ் டிவி மேல் இருக்கிறது.

சுமித்ரா

இன்னொன்று: அழிப்பதற்கு முன், பென் டிரைவில் எல்லா வீடியோவும் ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கும்படி பாபுவிடம் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள். கண் கலங்கினால் கலங்கட்டும். வெளி ஆள் இருக்கிறாரே என்று எழுந்து வாசலுக்குப் போய்விடாதீர்கள்.