நாற்பதாவது மாடி

அன்புள்ள அப்பா,

நேற்று ஒருவர் விண்வெளி விளிம்பிலிருந்து குதித்து உலக சாதனை செய்ததை டிவியில் நேரலையாகப் பார்த்தோம். குதிக்கும் முன் அவர் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். "அப்பாவும் வேலைக்கு முன்னாடி இப்படித்தான்" என்று உளறிவிட்டேன்.

"ஸ்டோர் ரூம்ல உட்கார்ந்திருக்கற மனுஷனுக்கு எதுக்குடி பெல்ட்டு?" என்றாள் அம்மா.

நீங்கள் என்னிடம் மட்டும் சொன்னதைச் சொல்லிவிட்டேன், கயிற்றில் தொங்கியபடி கட்டடக் கண்ணாடி துடைப்பதை. குதித்தவர் பத்திரமாகத் தரையிறங்கியபோது தம்பி மட்டும்தான் கைதட்டினான்.

"அவனுக்காவது பாராசூட் இருக்கு. உங்கப்பா எத்தனாவது மாடியில?"

"நாலாவது" என்றேன். அம்மா கொஞ்சம் மூச்சுவிட்டாள். இனி உங்கள் போனை அவள்தான் எடுப்பாளாம். உண்மையில் எத்தனையாவது மாடி என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள் அப்பா. எனக்கு வாய் வரவில்லை.

உங்களைப் போலவே மறைத்துவிட்ட,
உங்கள் மகள்