அகட்டிக் குடுத்த மெட்டி

1984 செப்டம்பர் 12
காலை 10.40. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல டியூட்டி. மதுரை ஆஸ்பத்திரில இருந்து மச்சினன் சங்கரசுப்பு டிரங்க் கால். போர்டுல இருந்த பெருமாள்சாமி அண்ணாச்சி, "வே சுயம்பு, மொதல்ல உக்காரும்"ன்னுட்டுதான் லைனைக் குடுத்தாரு. எம் பொண்டாட்டி பூமாரி போயிட்டா. வர்ற திங்கக்கிழமைதான் ஆபரேஷன்னு சொல்லிருந்தாங்க.

செப்டம்பர் 13
எல்லாம் முடிஞ்சது. சுமங்கலியாப் போறா, மெட்டி அப்படியே இருக்கட்டும்னாங்க பொம்பளைங்க. அந்த மெட்டில என் கட்டிங் பிளேயர் பல்லு பதிஞ்சிருக்கு. அழுகை வரல.

செப்டம்பர் 19
மதுரை போய் டாக்டரைப் பாத்தேன். படம் போட்டுக் காட்டுனாரு. மூளைக்கு அடியில சின்னதா ஒரு சுரப்பி. வளர்ச்சி ஹார்மோனை விடு, நிறுத்துன்னு அதுக்கு மூளைதான் உத்தரவு போடுமாம். ரத்தத்துல கூடிப்போச்சுன்னா அந்தச் சேதி திரும்ப மூளைக்கே வரும், மூளை நிறுத்தச் சொல்லும். இவளுக்குச் சுரப்பில கட்டி. மூளை போதும் போதும்னு சொல்லிருக்கும், கட்டி கேக்கல. கையும் காலும் தாடையும் பெருத்தது அதான். கடைசில கட்டிக்குள்ள ரத்தம் கசிஞ்சிட்டு.

எங்க பேட்டரி சார்ஜரும் இதே கதைதான். வோல்டேஜ் ஏறுனா தானே குறைச்சுக்கிடணும். குறைக்கலன்னா விட மாட்டேன், எங்கன கோளாறுன்னு பிரிச்சுப் போட்டுத் தேடுவேன்.

இவளை — தேடலியே.

செப்டம்பர் 20
போன வருஷம் ஒருநா மெட்டி இறுகுதுன்னு காலை நீட்டுனா. பிளேயரை வச்சு அகட்டிக் குடுத்தேன். ஆறு மாசத்துல மறுபடியும். "செருப்பும் பத்தலங்க. தலை வேற வலிக்கு. டாக்டர்ட்ட போவமா?" கோயில்ல ஆடிச்சுத்து நூத்தியெட்டு சுத்துனா கால் வீங்காமலா இருக்கும்னேன். "இன்னும் வளருதியாட்டி?"ன்னேன். அவளும் சேந்து சிரிச்சா.

அதுக்கப்புறம் தலைவலின்னு வாயே தொறக்கல. கண்ணு மங்குன பெறகுதான் மதுரைக்கே கூட்டிட்டுப் போனேன்.

செப்டம்பர் 28
நேத்துப் பதினாறாம் நாள் காரியம். அத்தை, "எம் மவள நீங்க தாங்குன தாங்கு யாருக்கு வரும் மாப்ளை? சின்னவளையும் உங்களுக்கே குடுத்துருதோம்"ன்னாங்க. பேசாம இருந்தேன். ஏன் இருந்தேன்?

அக்டோபர் 3
தை மாசம் கல்யாணம்னு பேசிட்டாங்களாம்.

அக்டோபர் 9
சிவகிரிக்குப் போய் அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மெட்டி, தலைவலி, நான் சிரிச்சது. கதவோரம் நின்ன சின்னவதான் கேட்டா. "அக்கா வாய்விட்டுச் சொன்னாளா அத்தான்?"

"சொன்னா"ன்னேன். உள்ள போயிட்டா.

அக்டோபர் 10
சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் போன். அத்தை, சிவகிரி தபாலாபீஸ்ல இருந்து. "சாப்டீயளா மாப்ளை?" அவ்வளவுதான். தை மாசப் பேச்சே இல்ல. ஏசிருந்தாங்கன்னா விடியுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்திருப்பேன்.

மறுபடியும் அடிச்சுது. ஊர்ல ஒரு லைன் செத்தாலும் ஓடுதவன் நான். எம் போன் ஒயரைக் கழத்திப் போட்டுட்டேன்.