சாம்பிராணியை முதலில் அணையும்

இன்று காலை புளி மூட்டை ஒன்றைப் பிரித்தேன், வே. வாயைத் தைத்திருந்த சணலை அறுத்ததுமே நாற்றம் மூக்கில் அறைந்தது. நடுவில், புளியோடு புளியாக நசுங்கி, ஓர் எலி. செத்து எத்தனை நாளோ, வால் மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. சாக்கடை ஓரம் ஓடிப்போய், குடித்த காப்பியைக் கக்கினேன். லேக் மார்க்கெட்டில் இத்தனை வருஷமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவனுக்கு எலி புதிதா என்று கேட்பீர். புதிதில்லை. ஆனால் புளியும் எலியும் சேர்ந்த வாடை வந்தால் உம்முடைய வண்டி ஞாபகம் வந்துவிடுகிறது. அப்போது எலியைவிட என்மேல்தான் எனக்கு அதிகம் குமட்டுகிறது.

நீர் போய் ஒரு மாதம் ஆகிறது. மதினி எழுதித்தான் தெரிந்தது. அவர்களுக்கு இரண்டு வரி ஆறுதல் எழுதி அனுப்பினேன். உமக்கு எழுத வேண்டியதை உயிரோடு இருந்தபோது எழுதாதவன், இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

துர்காபூருக்கு மாற்றலாகிப் போகும்போது உம் கார் சாவியை என் கையில் கொடுத்தீர். அங்கே குவார்ட்டர்ஸில் நிறுத்த இடம் கிடைத்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்றீர். என் கடைக்குப் பின்னால் மாசிமாவின் ஷெட் சும்மா கிடந்தது. தெருவே மாசிமா என்று கூப்பிடும் அந்த வங்காளி வீட்டுக்கார அம்மாவும் சரி என்றுவிட்டாள். நீர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஸ்டார்ட்டெல்லாம் பண்ண வேண்டாம் வே. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா முன்னால ஹேண்டிலப் போட்டு, கையால நாலு சுத்து சுத்தி விடும். உள்ள துருப்பிடிச்சு இறுகாது. அது போதும்."

இரண்டு முறை சுற்றினேன். மூன்றாவது முறைக்குள் மழை வந்துவிட்டது. கடைக்குள் முழங்கால் தண்ணீர். ஷெட் மட்டும் மேட்டில் இருந்தது. உம் வண்டியின் பின் சீட் காய்ந்து, மெத்தென்று, எனக்காகவே போட்டு வைத்ததுபோல் இருந்தது. நாலு மூட்டை புளியை அதில் ஏற்றினேன். மேலே அப்பளக் கட்டு. மழை விட்டதும் இறக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மழை விட்டது. மூட்டைகளை நான் இறக்கவில்லை. விற்க விற்கப் புது மூட்டையை அங்கேயே கொண்டுபோய் அடைத்தேன். சிநேகிதன் நம்பிக் கொடுத்த வண்டி எனக்குக் குடோன் ஆகிவிட்டது.

இதுகூடப் போகட்டும். எழுதினேனே கார்டு! மாதம் தவறாமல் நீர் கேட்பீர்: "வண்டி எப்படி இருக்கிறது? வேறொன்றுமில்லையே?" நானும் மாதம் தவறாமல் பதில் போட்டேன். "வண்டி ஜோர். ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓடவிட்டேன். தையல் மிஷின் மாதிரி சத்தம்." நீர் கேட்டது கையால் நாலு சுற்று. நான் அளந்ததோ ஊர்ச் சுற்று. ஒரு தடவை ஏரியைச் சுற்றி ஓட்டிவந்தேன் என்றுகூட எழுதினேன். சீ, நினைத்தாலே கூசுகிறது. புளுகுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

இரண்டாம் வருஷக் கடைசியில் உம்மிடமிருந்து வேறு மாதிரி கார்டு வந்தது. மதினிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ரயிலிலும் பஸ்ஸிலும் இடிபட்டு வரமுடியாது, சனிக்கிழமை வந்து வண்டியில் துர்காபூருக்கு அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தீர். அன்று வெள்ளிக்கிழமை.

ஷெட்டுக்கு ஓடினேன். மூட்டைகளை இழுத்துப் போட்டேன். எலிகள் சீட்டைக் குடைந்து பஞ்சைக் கிளப்பியிருந்தன. எங்கும் புழுக்கை, மூத்திரம், அப்பளத் துணுக்கு. தெரிந்த டாக்சிக்காரனிடம் பேட்டரி இரவல் வாங்கி மாட்டினேன். பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு முறையாவது ஓடவிட்டு, நான் எழுதியதை நிஜமாக்கிவிட வேண்டும் என்ற வெறி. சோக்கை இழுத்து ஸ்டார்ட்டரைத் தட்டினேன். முன்னால் ஏதோ பட்பட்டென்று அடித்தது. கீச்சென்ற சத்தம், பிறகு இல்லை. எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பச் சோக், திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டர். ஷெட் முழுக்கக் கெட்ட பெட்ரோலின் வார்னிஷ் வாடை.

இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். ஃபேனுக்குப் பக்கத்தில் கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தது. முடிகூட முளைக்காத குட்டிகள். ஃபேன் அவற்றை என்ன செய்திருந்தது என்று எழுதமாட்டேன். உள்ளே எட்டிப் பார்த்த மாசிமா, "ஈஷ்! கீ கொந்தோ!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஐயோ, என்ன நாற்றம் என்று அவள் கத்தியது அந்த வாடையை மட்டும் சொன்னதாக எனக்குப் படவில்லை.

துடைத்தேன். பினாயில் ஊற்றினேன். மறுநாள் நீர் வருகிற நேரத்துக்குச் சரியாக, வாடை தெரியாமலிருக்க, தூபக்காலில் சாம்பிராணி போட்டு வண்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். நீர் வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்தீர்.

"மொதல்ல சாம்பிராணிய அணையும் வே. பெட்ரோல் வாடை அடிக்கி. நாம ரெண்டு பேரும் சேந்து போய்ச் சேரவா?"

பின் சீட்டைப் பார்த்தீர், என்னைப் பார்த்தீர், சட்டையைக் கழற்றினீர். எலி கடித்த வயர்களுக்கு டேப் சுற்றினீர். டாங்கியை வடித்தபோது பெட்ரோல் டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. ஆயில் கம்பியை உருவி மோந்தீர். "ஆயில்லயும் பெட்ரோல் எறங்கிருக்கு" என்று அதையும் மாற்றினீர். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு குழியிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, "இன்னைக்கு இது ஊறட்டும். அவசரப்பட்டா உள்ள கீறிரும்" என்றீர். நான் முந்தினநாள் அதைத்தான் செய்து தொலைத்திருந்தேன்.

ஞாயிறு காலை ஹேண்டிலை என்னிடம் கொடுத்தீர். கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்கச் சொன்னீர். திருப்பி அடித்தால் கை ஒடியும் என்றீர். சுற்றினேன். கனமாக, முனகிக்கொண்டு அசைந்தது. இரண்டு வருஷமாக நான் செய்திருக்க வேண்டிய வேலையில் ஐந்து நிமிஷத்துக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. பிளக்குகளை மாட்டினீர், ரேடியேட்டரில் தண்ணீர் விட்டீர், புதுப் பெட்ரோல் ஊற்றினீர். புகை அடைத்தால் ஆளைக் கொல்லும் என்று ஷெட்டின் இரண்டு கதவையும் திறந்தீர்.

பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை ஒன்றை எடுத்துப் பிரித்தீர். கட்டை விரல் அளவுக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் ஏதோ இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே பொருத்தினீர்.

"என்ன வே அது?" என்றேன்.

"ரோட்டார். யாரும் கெளப்பிட்டுப் போயிரக் கூடாதுன்னு கழத்தி எடுத்துட்டுப் போயிருந்தேன். இது இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆகாது."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னீர். சாவியைத் திருகினீர். வண்டி இருமியது, கறுப்பாகப் புகைவிட்டது, பிடித்துக்கொண்டது. தையல் மிஷின் மாதிரி சத்தமில்லை.

இரண்டு வருஷமும் அது உம் மேஜை டிராயரில் இருந்திருக்கிறது. ஸ்டார்ட் பண்ணினேன், ஏரியைச் சுற்றினேன் என்று நான் எழுதிய ஒவ்வொரு கார்டையும் அதை வைத்துக்கொண்டுதான் படித்திருக்கிறீர். அப்புறமும், "வேறொன்றுமில்லையே?" என்று கேட்டிருக்கிறீர். அந்தக் கேள்வி வண்டியைப் பற்றியதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதம் ஒரு கதவாகத் திறந்து வைத்தீர். நான் ஒவ்வொன்றையும் புளுகால் அடைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மதினி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தச் சீட்டில் உட்கார்ந்தார்கள். "இதென்ன இப்படி நாறுது?" என்றார்கள். "மழைத்தண்ணி ஏறிட்டு. அவரு என்ன செய்வாரு பாவம்" என்றீர். வாழ்நாளில் எனக்காக நீர் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். வண்டி திரும்பும்வரை கையாட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் வெட்டிப் போடலாம்போல் இருக்கிறது.

இன்று மூட்டையைத் தெருவில் தள்ளிவிட்டு வந்தபோது, ஜாதவ்பூரிலிருந்து வாடிக்கையாக வரும் அம்மா, "புதுப் புளி வந்துட்டுதா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். "வந்துது. உள்ள எலி செத்துக் கெடந்துது. பக்கத்து மூட்டையையும் நம்ப முடியாது. இன்னைக்குப் புளி கெடையாதும்மா" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலு வீட்டில் சொல்லத்தான் செய்வார்கள். சொல்லட்டும்.

என் கார்டுகளையெல்லாம் நீர் கட்டி வைத்திருந்தீராம். அனுப்பட்டுமா என்று மதினி கேட்டு எழுதியிருக்கிறார்கள். அனுப்புங்கள் என்று இன்று பதில் போடுகிறேன். அதே கார்டில், அந்தச் சீட்டு ஏன் நாறியது என்பதையும் எழுதிவிட்டேன்: வண்டியைச் சுற்றவில்லை. புளியை வைத்தேன். எலி வந்தது. அவ்வளவுதான், வே. எழுதிய பிறகும் கார்டில் பாதி இடம் மிச்சம் இருந்தது.