வரவேற்புக் குழுத் தலைவர் பின்னால் அனுப்பிய குடும்பம்

சேசு மரி சூசை துணை

புதுச்சத்திரம்
ஜூலை 20

என் செல்ல மகள் ஜெசிந்தாவுக்கு உன் சித்தப்பன் ராயப்பன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே ஆள், ஆடு, மாடு, ஆடிக் காத்தில் பறந்துபோன நம்ம பாத்ரூம் தகரம் நீங்கலாக எல்லாம் சௌக்கியம். உன் சித்தி மதலேனுடைய முழங்கால் வலியும் சௌக்கியமாகத்தான் இருக்கிறது, சித்திக்குத்தான் கொஞ்சம் சிரமம். அதுபோல நீயும், உன் கையால் ஊசி போட்டுக்கொள்ளும் அயர்லாந்து ஜனங்களும் குறைவில்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால் எங்களுக்குச் சோறு இறங்கும். போனில் சொல்லலாமே, எதற்குக் கடுதாசி என்று நீ கேட்பாய். போனை நான் எடுத்து மூன்று வார்த்தை பேசுவதற்குள் உன் சித்தி பிடுங்கிக்கொள்கிறாள், அது ஒன்று. நான் செய்த ஒரு பெரிய தப்பை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அது இன்னொன்று. எருமப்பட்டி அமுதவல்லியின் மகள் அடுத்த வாரம் அங்கே வேலைக்கு வருகிறாள். அவள் பெட்டியில் பருப்புப் பொடிக்கும் எள்ளுருண்டைக்கும் நடுவில் இது வருகிறது, எண்ணெய் பட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாமல் படி அம்மிணி.

முதலில் நல்ல சேதி. உன் சித்தப்பன் இப்போது சாதாரண ஆள் இல்லை. இந்த வருசம் தவக்காலத்தில் நம்ம பங்குத்தந்தை ஃபாதர் இளவழகன் கோயிலுக்கு ஒரு வரவேற்புக் குழு போட்டு, அதற்கு என்னைத் தலைவர் ஆக்கினார். ராயப்பர்தானே மோட்ச வாசலில் சாவியோடு நிற்கிறவர், பேருக்கேற்ற வேலை கிடைத்ததென்று நான் அன்றைக்கே புது வேட்டி எடுத்துவிட்டேன். குழுவில் மொத்தம் இரண்டு பேர், நானும் உபதேசியாரும். உபதேசியாருக்குக் காது மந்தம். ஆனாலும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் வாசலில் நின்றால் எப்படி இருக்கும் தெரியுமா, வலது கையில் பன்னீர்ச் செம்பு, இடது கையில் கற்கண்டுத் தட்டு, தோளில் மஞ்சள் பட்டை. பஸ்ஸில் போகிறவர்கள் கல்யாண மண்டபம் என்று நினைத்து இரண்டு தடவை இறங்கிவிட்டார்கள். நாமக்கல்லிலிருந்து கௌகாத்தி வரைக்கும் இருபத்திரண்டு வருசம் லாரி ஓட்டினவனுக்கு மனுசரைத் தெரியாதா, முகத்தைப் பார்த்தே எந்த ஊர், என்ன லோடு என்று சொல்லிவிடுவேன் என்று ஃபாதரிடமே பெருமை அடித்துக்கொண்டேன். அந்தப் பெருமைதான் என்னைக் குப்புறத் தள்ளியது.

ஈஸ்டர் ஞாயிறு. பூசை முடிந்ததும் பங்கு ஜனம் எல்லாருக்கும் முட்டை பிரியாணி என்று ஏற்பாடு. முட்டையெல்லாம் கோழிப்பண்ணை வேலுமணிக் கவுண்டர் உபயம். அவர் நம்ம வேதம் இல்லை, ஆனாலும் வருசா வருசம் முட்டை அனுப்பாமல் இருக்கமாட்டார், நம்ம ஆண்டவர் உயிர்த்தெழுவதே அவர் முட்டையை நம்பித்தான் என்பது போல ஒரு நடை நடப்பார். காலை ஏழேகாலுக்கு அவர் வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு புருசன் பெண்டாட்டி இறங்கினார்கள், அந்தப் பெண் இடுப்பில் நாலைந்து மாசக் கைக்குழந்தை. வடக்கத்தி முகம். அவன் கையில் முட்டை அட்டை பத்து, அவள் கையில் இரண்டு. நான் முகத்தைப் பார்த்தேனா? அட்டையைத்தான் பார்த்தேன். என் லாரிக்கார ஹிந்தியில், அந்த ஹிந்தியில் செக்போஸ்ட்டில் பேசுகிற வார்த்தையும் பொம்பளைப் பிள்ளைகள் கேட்கக்கூடாத வார்த்தையும் தவிர வேறு கிடையாது, பீச்சே பீச்சே, கிச்சன், ஜல்தி என்று கோயிலுக்குப் பின்னால் சமையல் கொட்டகையைக் காட்டிவிட்டேன். அவன் ஒரு நொடி நின்றான். தலையை ஆட்டிவிட்டு இரண்டு பேரும் பின்னால் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே வந்த வக்கீல் குடும்பத்துக்கு நான் பன்னீரை மழையாகப் பொழிந்தேன்.

அப்புறம் நடந்ததை உன் சித்தி வாயால் கேட்டால்தான் ருசி, நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பூசை நடுவில் அரிசி குழைந்துவிடப் போகிறதென்று மதலேன் கொட்டகைக்குப் போயிருக்கிறாள். அங்கே அந்தப் பெண் உட்கார்ந்து அறுநூறு முட்டையை உரித்துக்கொண்டிருக்கிறாள். அறுநூறு என்பது சித்தி கணக்கு, என் மனசாட்சி கணக்கில் ஆறாயிரம். சாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற மணி அடித்ததும் அவள் பாதி உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே மண் தரையில் முட்டி போட்டு மார்பில் தட்டிக்கொண்டாளாம், அவள் புருசன் குழந்தையோடு கோயில் பக்கம் திரும்பி முட்டி போட்டிருக்கிறான். உன் சித்தி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. ஓடிப்போய் அவர்களை உள்ளே கூப்பிடுவதற்குள் வேன்காரன் ஹாரன் அடித்துவிட்டான், பண்ணையில் முட்டை பொறுக்குகிற நேரமாம். நற்கருணையும் இல்லை, பிரியாணியும் இல்லை, உரித்த முட்டையை மூடி வைத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். ஆண்டவரைத் தேடி வந்த கிறிஸ்தவக் குடும்பத்தை, ஈஸ்டர் அன்றைக்கு, வரவேற்புக் குழுத் தலைவர் முட்டை உரிக்க அனுப்பியிருக்கிறார். இந்த உலகத்தில் எத்தனையோ மடையர்களை நான் பார்த்திருக்கிறேன், பாதிப் பேர் லாரி ஆபீசிலேயே இருந்தார்கள், ஆனால் புது வேட்டி கட்டிய மடையனை அன்றைக்குத்தான் கண்ணாடியில் பார்த்தேன்.

சித்தி சண்டை போடவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே, வேதத்துல என் பேர்க்காரி மதலேன் கல்லறைத் தோட்டத்துல உயிர்த்தெழுந்த ஆண்டவரையே பார்த்துத் தோட்டக்காரன்னு நினைச்சா, அவ கண்ணுல தண்ணி இருந்துச்சு, மன்னிச்சுடலாம், உங்க கண்ணுல என்ன இருந்துச்சு, அவளாவது அவரு பேர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்புனா, நீங்க பேரே கேக்கலியே என்றாள். பிரியாணித் தட்டை அப்படியே நகர்த்தி வைத்தேன். மறுநாள் உன் போன். சித்தி ஸ்பீக்கரில் போட்டிருந்தது உனக்குத் தெரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நாலு மாசமா போறேன் சித்தி, கடைசி பெஞ்சுல உட்கார்றேன், எல்லாரும் நல்லவங்கதான், சிரிக்கறாங்க, ஆனா ஒருத்தரும் என் பேரைக் கேக்கலை, இனி நான் போறதா இல்லைன்னு நீ சொன்னாய். அந்த ஊர்க் கோயில் வாசலில் நிற்கிறவனை லாரி ஏற்றிக் கொல்லலாமா என்று எனக்கு ஒரு ஆவேசம் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது, அவன் முகத்தை நினைத்துப் பார்த்தேன், அச்சாக என் முகமாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறும் அவர்கள் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நம்ம பக்கம் ஒருத்தரை விசேசத்துக்குக் கூப்பிட வேண்டுமென்றால் எப்படிக் கூப்பிடுவோம், ஊட்டுக்குப் போய் வெத்தலை பாக்கு வைத்துத்தானே. தாம்பாளத்தில் வெத்தலை, பாக்கு, வாழைப்பழம், பிரியாணிக் காசில் மிஞ்சியதில் வாங்கின ஒரு கிலோ மிக்சர் எல்லாம் வைத்துக்கொண்டு வேலுமணிக் கவுண்டர் பண்ணைக்குக் கிளம்பினேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வெளியாள் நுழைந்தால் கோழிக்குச் சீக்கு வந்துவிடுமாம். கவுண்டர் வந்து, ஏனுங்க ராயப்பா, லச்சம் கோழி நிக்குது, ஒண்ணு தும்முனாலும் உங்க சூசையப்பரா வந்து ஊசி போடுவாருன்னு சிரித்தார். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். குளிக்கச் சொன்னார், குளித்தேன். என் பட்டு வேட்டியைக் கழற்றி அவர்கள் கொடுத்த லுங்கியைக் கட்டச் சொன்னார், கட்டினேன். பர்மாங்கனேட் கரைத்த தொட்டியில் கால் நனைத்துவிட்டு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார், ஒன்று எட்டாம் சைஸ், ஒன்று பத்து. ரோமாபுரியில் போப்பாண்டவரைப் பார்க்கப் போகிறவனுக்குக்கூட இத்தனை சடங்கு இருக்காது. இந்தக் கோலத்தில் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு உன் சித்தப்பன் கோழிக் கொட்டகைக்கு நடந்தான், ஒரு லட்சம் கோழியும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது, அந்த மரியாதை எந்த மந்திரிக்கும் கிடைத்திருக்காது.

அவர்கள் குடியிருக்கிற அறை முன்னால் போய் நின்று, என் ஹிந்தியில் நல்ல வார்த்தையாகத் தேடித் தேடி, ஆயியே, சர்ச், மாப் என்று மன்னிப்புக் கேட்டு உளறினேன். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, ஏனுங்க, தமிழ்லயே சொல்லுங்க, எனக்குப் புரியுமுங்க என்றாள். மூன்று வருசமாக இங்கே இருக்கிறாளாம், கூட வேலை செய்கிற மயிலம்மாள் சொல்லிக்கொடுத்த தமிழ், உன் தமிழைவிடச் சுத்தமான நாமக்கல் தமிழ். அப்போதுதான் பேர் கேட்டேன் அம்மிணி. அவள் சுமந்தி, அவன் பிளாசியுஸ், ஜார்க்கண்டில் சிம்டேகாப் பக்கம், மூணு தலைமுறைக் கத்தோலிக்கர். அன்னைக்கு உள்ளார வராம ஏன் சாமி, கொட்டாய்க்குப் போனீங்க, நான் சொன்னா ஒரு சண்டையாவது போட்டிருக்கக்கூடாதா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு ஊருக்கு ஒவ்வொரு வழக்கமுங்களே, இந்த ஊர்க் கோயில்ல புதுசா வந்தவங்க மொதல்ல வேலை செய்யோணும்போல இருக்குதுன்னு நெனச்சோமுங்க, கோயில் வேலைதானுங்களே, சந்தோசமாத்தான் உரிச்சமுங்க என்றாள். பொய் இல்லை, குத்தலும் இல்லை, நெசமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். பிளாசியுஸ் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் ஏன் வரலை என்றால், ஞாயிறு காலையில் முட்டை பொறுக்க ஆள் இல்லை, ஈஸ்டருக்குக் கேட்டு வாங்கின இரண்டு மணி நேர விடுப்பை அறுநூறு முட்டையில் நான் கரைத்துவிட்டேன். கவுண்டரிடம் கெஞ்சினேன், கோழிக்கு ஞாயித்துக்கெழமை தெரியாதுங்க ராயப்பா என்றார். அப்போது கூடையைத் தூக்கிக்கொண்டு போன மயிலம்மாள் நின்று, நீ போயிட்டு வா புள்ள, உங்க ரண்டு பேரு வேலையையும் நானும் எம்மருமவளும் பாத்துக்கறோம், எங்க மாரியாயிக்கு நோம்பி வர்றப்ப நீ எனக்குப் பாரு என்று ஒரே போடாகப் போட்டாள். கவுண்டர் சரியென்று தலையாட்டினார். இந்தப் பக்கத்து ஜனங்களை நினைத்து எனக்கு வந்த பெருமையில் அந்தக் கொட்டகைக் கூரை இரண்டடி உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

மே மாசம் முதல் ஞாயிறு வந்தார்கள். கொட்டு மேளம் வைக்கலாம் என்றேன், ஃபாதர் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் நான் வாசலில் நின்று சுமந்தி, பிளாசியுஸ் என்று கூப்பிட்ட சத்தம் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் கேட்டிருக்கும். காணிக்கைப் பவனியில் அப்பமும் திராட்சை ரசமும் அவர்கள்தான் கொண்டு போனார்கள். செருப்பில்லாமல் நடுவழியில் நடந்தபோது அவர்கள் காலில் அந்தப் பண்ணைத் தொட்டித் தண்ணீரின் பழுப்புக் கறை தெரிந்தது, என் காலிலும் அதே கறை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்தக் கறையை நான் சோப்புப் போட்டுக்கூடத் தேய்க்கவில்லை. நற்கருணைக்குப் பிறகு பிளாசியுஸ் அவன் பாசையில் ஒரு பாட்டுப் பாடினான், ஒரு வார்த்தை எங்களுக்குப் புரியவில்லை, காது மந்தமான உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவருக்கு என்ன கேட்டதோ. இப்போது அந்தப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து பதினோரு குடும்பம் வருகிறது. நான் பன்னீர்ச் செம்பை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன், புதுசாக யார் வந்தாலும் முதலில் பேர். கடைசி பெஞ்சில் போய் நானே உட்கார்ந்துகொள்கிறேன், அங்கே யார் வந்தாலும் என்மேல் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

இனி விசயத்துக்கு வருகிறேன், கோபப்படாமல் படி. சுமந்தியின் குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. ஊருக்குப் போய்ச் செய்யலாம் என்று தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளில் இங்கேயே கொடுப்பதென்று முடிவாகிவிட்டது. ஞானத்தகப்பன் நான். ஞானத்தாய் யார் என்று ஃபாதர் கேட்டார். சுமந்தி, உங்க மக ஒருத்தி எங்கள மாதிரியே தூரத்துல இருக்குதுன்னு சொன்னீங்களே, அந்த அக்கா இருக்கட்டுமுங்க என்றாள். சித்தி உனக்குப் பதிலாக நின்று குழந்தையைத் தாங்கிக்கொள்வாள், அதற்கு வழி இருக்கிறது. ஆனால் ஞானத்தாயாக வருகிறவள் பூசைக்கு ஒழுங்காகப் போகிறவளாக இருக்கவேண்டும், ஜெசிந்தா போறாளா என்று ஃபாதர் என் கண்ணைப் பார்த்துக் கேட்டுவிட்டார். போறாளாவா, அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அயர்லாந்தில் கோயில் மணியே அடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். பீடத்துக்கு நேர் எதிரில், மாதா பார்த்துக்கொண்டிருக்க, அண்டப் புளுகு. சித்தி என் காலை மிதித்தாள். ஃபாதர் சிரித்துக்கொண்டே, ரொம்ப நல்லதாப் போச்சு, அப்ப அந்த ஊர்ப் பங்குச்சாமிகிட்டயே ஒரு கடிதம் வாங்கி அனுப்பச் சொல்லுங்க, எங்க பங்கைச் சேர்ந்தவள்தான்னு எழுதினாப் போதும் என்றார்.

ஆகவே மகளே, அந்தக் கோயிலுக்கு நீ இன்னொரு தடவை போகவேண்டியிருக்கிறது. வாசலில் புது வேட்டி, அங்கே கோட்டு என்று நினைக்கிறேன், போட்டுக்கொண்டு ஒருத்தன் சிரித்தபடி நிற்பான். அவன் கெட்டவன் இல்லை, உன் சித்தப்பனைப் போல ஒரு மடையன், அவ்வளவுதான். சுமந்தி என்னை மன்னித்தது போல நீ அவனை மன்னித்துவிட்டு, அவன் கேட்கிறவரைக்கும் காத்திருக்காமல் உன் பேரை அவன் காதில் உரக்கச் சொல். ஜெசிந்தா, நாமக்கல் ஜில்லா, லாரி டிரைவர் ராயப்பன் மகள் என்று சொல். அண்ணன் போன பிறகு ஏழு வயசில் உன்னை என் லாரி கேபினில் உட்கார வைத்துக் கூட்டிவந்த அன்றைக்கு, வழியில் ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்கி நீயாகவே உன் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தாய், பன்னிரண்டு டீக்கடைக்காரர்கள் உன்னைக் கேட்டு எனக்கு வருசக்கணக்காகத் தொல்லை கொடுத்தார்கள். அந்த வாய் எங்கே போயிற்று?

குளிரில் காதைக் கட்டிக்கொள், ராத்திரி டூட்டி முடிந்தால் சாப்பிடாமல் தூங்காதே, பருப்புப் பொடியை மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கும் கொடு. ஆகஸ்ட் பதினைந்துக்குள் கடிதம் வந்து சேரவேண்டும், இல்லையென்றால் உன் சித்தப்பன் சொன்ன பொய் ஞானஸ்நானப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். கடிதத்தோடு இன்னொன்றும் அனுப்பு. குழந்தைக்கு என்ன பேர் என்று சுமந்தியைக் கேட்டேன். ஞானத்தாய்தானுங்களே வைக்கோணும் என்று சொல்லிவிட்டாள். பொம்பளைப் பிள்ளை. நீ வைக்கப்போகிற பேருக்காக இங்கே ஒரு வீடே காத்திருக்கிறது.

மாதாவும் சூசையப்பரும் உன் தலைமாட்டில் நிற்கட்டும்.

நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும்
உன் சித்தப்பன்
சூ. ராயப்பன்
தலைவர், வரவேற்புக் குழு (உறுப்பினர்கள் இப்போது மூன்று பேர், பிளாசியுஸும் சேர்ந்துவிட்டான்)