ஒரு ஜோடியும் மிச்சமில்லை

நீங்கள் செருப்பை எண்ணினீர்கள், சார். எனக்குச் செருப்பு இல்லை. அதனால் என்னைத் திருமுக்கூடலில் விட்டுவிட்டு பஸ்ஸை எடுக்கச் சொன்னீர்கள். நடந்தது இவ்வளவுதான். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த மாசியில் நீங்களும் போய்விட்டீர்கள். ஆனாலும் தப்பை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். நலம் விசாரித்துத் தொடங்க இன்று எனக்கு மனசு வரவில்லை.

என் கடை மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. அதற்குள் என் பேத்தி நிவேதாவுக்கு வாங்கிய மலையேறும் ஷூ. புது ரப்பர், பசை, தோல் எல்லாம் கலந்த அதன் வாசனை, மோட்டாருக்குப் பூசும் வார்னிஷ் வாடையையும் மீறி வருகிறது. இந்தக் கடை உங்களுக்குத் தெரிந்ததுதான். பிள்ளையார்பாளையத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோன மூன்று தடவையும் செவிலிமேடு வரை தூக்கி வந்து என்னிடம்தான் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டு போனீர்கள். மூன்று தடவையும் "தேசிங்கு, நல்லா இருக்கியாபா?" என்று கேட்டீர்கள். மூன்று தடவையும் "இருக்கேன் சார்" என்றேன். திருமுக்கூடலைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள் இருக்கிறது. நிவேதாவின் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது முடித்த முப்பது பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் பூட்டானுக்கு அழைத்துப் போகிறார்கள். பத்து நாள். மலை ஏறுவது, கூடாரத்தில் தங்குவது, அந்த ஊர்க் குடும்பங்களோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது, மடாலயங்களைப் பார்ப்பது என்று திட்டம். ஒரு பயணக் கம்பெனி வழிகாட்டிகளை வைத்து நடத்துகிறது. தாளில் காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். நிவேதாவின் அப்பா உயிரோடு இல்லை. அவள் அம்மா, என் மகள் கலா, ஒரகடத்தில் ஷிப்டு வேலைக்குப் போகிறாள். எனவே ஒன்றாம் வகுப்பிலிருந்தே காப்பாளர் நான்தான். நாளை கடைசி நாள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

வீட்டில் போன வாரத்திலிருந்து யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அன்றைக்கு நான் உங்களிடம் ஏழாம் வகுப்பு, ஆற்றங்கரைத் திருமுக்கூடலுக்குப் பள்ளிச் சுற்றுலா. முதல் நாளே நீங்கள் சொல்லியிருந்தீர்கள், ஆற்று மணல் கொதிக்கும், எல்லாரும் செருப்போடு வர வேண்டும் என்று. செருப்பில்லாத பையன்கள் அண்ணன் செருப்பு, மாமன் செருப்பு என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சிலர் கால் அதற்குள் பாதிதான் இருந்தது. என் அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர். எங்கள் வீட்டில் யாரிடமும் செருப்பு இல்லை. இரவல் கேட்கவும் எனக்கு மனசில்லை. வெறுங்காலோடு பஸ்ஸின் கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

திருமுக்கூடல் கோயில் வாசலில் ஒரு மரத்தடியில் எல்லாரும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். டிரைவர் உங்களைக் கேட்டார், "பசங்கள எண்ணிட்டீங்களா சார்?" நீங்கள் சொன்ன பதில் எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. "புள்ளைங்க தலைய எண்ணக் கூடாதுபா, கண்ணு பட்டுடும். வரும்போது செருப்பு ஏதாவது மிச்சம் இருந்தா எவனோ உள்ள இருக்கான்னு அர்த்தம். அது போதும்."

உள்ளே சுவர் முழுக்க எழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு ஆஸ்பத்திரி இருந்தது, ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, யார் என்ன வேலை செய்ய வேண்டும், யாருக்கு எவ்வளவு நெல் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கல்லில் இருக்கிறது என்றீர்கள். ஒரு பையன் கேட்டான், "கல்லுல எதுக்கு சார் எழுதணும்? வாயால சொன்னா போதாதா?" நீங்கள் சிரித்தீர்கள். "எழுதி வெச்சாதான்டா செய்வாங்க."

எனக்கு அந்தச் சுவரை விட்டு வர முடியவில்லை. ஒரு எழுத்தாவது தெரிந்ததாக இருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். ஒரு மூலை திரும்பி, அடுத்த மூலையும் திரும்பினேன். 'ன' போல ஒன்று கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தோடு வெளியே வந்தபோது மரத்தடியில் செருப்பு இல்லை. தூரத்தில் புழுதி மட்டும் தெரிந்தது.

ஓடினேன். மணல் சுட்டது. பாதி வழியில் திரும்பி அதே மரத்தடிக்கு வந்தேன். மண்ணில் செருப்புகள் இருந்த தடம் அப்படியே இருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அதை எண்ணினேன். முப்பத்தேழு ஜோடி. நாங்கள் முப்பத்தெட்டுப் பேர். அதாவது உங்கள் கணக்குச் சரி, சார். ஒரு ஜோடியும் மிச்சமில்லை. நான் மட்டும் மிச்சம்.

வாலாஜாபாத்தில் பஸ்ஸை நிறுத்திப் பிள்ளைகளுக்குப் பன் கொடுத்தபோது ஒரு பன் மீந்ததாம். அதை வைத்துத்தான் தெரிந்ததாம். யாரிடமோ சைக்கிள் வாங்கிக்கொண்டு நீங்கள் தனியாக வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சட்டை முழுக்க நனைந்திருந்தது. இறங்கி என்னைப் பார்த்து முதலில் என்ன சொன்னீர்கள்? "செருப்பு ஒண்ணும் மிச்சம் இல்லியேடா." என் மேல்தான் ஏதோ பிசகு என்பதுபோல. அப்புறம்தான் என் காலைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினீர்கள். சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வரும்போது அந்த மீந்த பன்னைக் கொடுத்தீர்கள். "வீட்ல சொல்லாதபா, பயந்துடுவாங்க" என்றீர்கள். பஸ் வழியில் நின்றுவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். நான் சொன்ன முதல் பெரிய பொய் உங்களுக்காகச் சொன்னது.

திங்கட்கிழமை செய்தித்தாளில் சுற்றிப் புது ரப்பர் செருப்பு கொண்டுவந்தீர்கள். நான் வாங்கவில்லை. "வேணாம் சார்" என்று உங்கள் மேசைமேலேயே வைத்துவிட்டேன். "பிடிவாதக்காரன்டா நீ" என்றீர்கள். நான் எதிர்பார்த்தது வேறு. முப்பத்தேழு பேர் முன்னால் "தப்பு என்னுது" என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை. அடுத்த வருஷம் வீட்டு நிலைமையால் படிப்பு நின்றது. அதற்கு உங்களைக் காரணம் சொல்ல மாட்டேன். ஒரு மோட்டார் கடையில் சேர்ந்து பார்த்துப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டேன். சுற்றுச் சுற்றாகச் செம்புக் கம்பியை எண்ணிக் கட்டும் வேலை. சுற்று குறைந்தால் மோட்டார் சூடேறிப் புகைந்துவிடும். எண்ணிக்கையில் நான் ஏமாந்தது அந்த ஒரு நாள்தான். அதுவும் நான் எண்ணியதல்ல.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். கம்பெனியிலிருந்து வந்த பையன் திரையில் பனிமலையெல்லாம் காட்டினான். கேள்வி இருக்கிறதா என்றதும் நான் எழுந்தேன்.

"வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி புள்ளைங்கள எப்பிடிபா எண்ணுவீங்க?"

"எல்லார் போன்லயும் எங்க ஆப் இருக்கும் அங்கிள். யாரு எங்க இருந்தாலும் இதுல புள்ளியா காட்டும். முப்பது புள்ளியும் வண்டிகிட்ட வந்துட்டா கிளம்பிடுவோம்."

"அந்த மலைமேல இருக்கற மடத்துக்குள்ள போன் எடுத்துக்கினு போக விட மாட்டாங்களே. வாசல்லயே வாங்கி வெச்சிடுவாங்களாமே. லைப்ரரில படிச்சேன்."

"கரெக்ட் அங்கிள். திரும்பி வரும்போது எடுத்துப்பாங்க. ஒரு போன் மிச்சம் இருந்தா யாரோ உள்ள இருக்காங்கன்னு தெரிஞ்சிடும்."

"எதுவும் மிச்சம் இல்லன்னா?"

"எல்லாரும் வந்துட்டாங்கன்னு அர்த்தம்."

சார், எனக்கு உள்ளங்கால் சுட்டது. விடாமல் கேட்டேன்.

"போனே எடுத்துக்கினு வராத புள்ள?"

பையன் சிரித்தான். "இந்தக் காலத்துல அப்பிடி யாரு அங்கிள் இருக்காங்க?"

பின்வரிசையிலிருந்து ஒருவர், "பெரியவரு கூடவே போயிட்டு வந்துடுவாரு போல" என்றார். கூடமே சிரித்தது. "வயசானவன சேத்துக்க மாட்டாங்கபா, சேத்தா போயிருப்பேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

போன் எடுத்துக்கொண்டு வராத பிள்ளை ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். நிவேதாவுக்குக் கொடுத்திருப்பது கலாவின் பழைய போன். காலை பத்து மணிக்கெல்லாம் அணைந்துவிடும். சுவர் ஸ்விட்சில் மாட்டியிருந்தால்தான் உயிர். அதைத் தங்கும் இடத்திலேயே சார்ஜில் போட்டுவிட்டு மலை ஏறுவாள். அவளுக்கும் எங்கேயாவது ஒரு சுவர் பிடித்துவிடும். எதையாவது பார்த்தால் நின்றுவிடுகிற புத்தி அவளுக்கு என்னிடமிருந்து வந்தது.

அன்று நிவேதாவும் அந்தக் கூடத்தில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. நீ மட்டும் கேள்வி கேட்டுக்கினு இருக்கற தாத்தா. இனிமே கிளாஸ்ல என்ன 'புள்ளி'ன்னுதான் கூப்பிடுவாங்க." கலா தன் பங்குக்கு, "அவ உன் கடை மோட்டார் இல்ல நைனா, எண்ணி எண்ணிக் கட்டறதுக்கு. அவள விடு" என்றாள். விடலாம். விட்டால் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதானே நான் கேட்பது?

நேற்று கடைக்கு ஒருவர் வந்தார். பிள்ளைகளோடு பயணம் போகிற வசந்தி மிஸ். வகுப்பில் கண்டிப்பானவர் என்று நிவேதா சொல்லியிருக்கிறாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் வந்தார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்வை கடைப் பலகையில் இருந்த என் பெயர்மேல் நின்றது.

"ஐயா, நீங்க எங்க சார்கிட்டதான் படிச்சீங்களா?" என்று உங்கள் பெயரைச் சொன்னார். ஆமாம் என்றேன்.

"நானும் அவர்கிட்டதான் படிச்சேன். வருஷா வருஷம் எங்கியாவது கூட்டிக்கினு போவாரு. பஸ்ஸு கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு முகத்தப் பார்ப்பாரு. மொத பேரு எப்பவும் தேசிங்கு. எங்க கிளாஸ்ல தேசிங்குன்னு யாருமே இல்ல ஐயா. கூப்பிட்டுட்டு கொஞ்ச நேரம் அப்பிடியே நிப்பாரு. அப்புறம்தான் அடுத்த பேரு."

நான் கையிலிருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்தேன்.

"நாங்க எல்லாம் அந்தப் பையன் ஆத்துல செத்துப் போயிட்டான்னு நெனச்சிக்கினு இருந்தோம்" என்றார் மெதுவாக.

"சாகலம்மா. இங்க மோட்டார் கட்டிக்கினு இருந்தேன்."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகும்போது கேட்டார், "நானும் அப்பிடியே ஆரம்பிக்கட்டுமா ஐயா? உங்க பேர்ல?" நான் கம்பிச் சுருளை மறுபடியும் கையில் எடுத்தேன்.

அவர் போனபின் வேலை ஓடவில்லை. கட்டிக்கொண்டிருந்த காயிலை இரண்டு தடவை பிரித்தேன். எத்தனை வருஷம், எத்தனை பிள்ளைகள், அவர்கள் அத்தனை பேருக்கும் என் பெயர் தெரியும்படி கூப்பிட்டிருக்கிறீர்கள். மூன்று தடவை மோட்டாரைத் தூக்கிக்கொண்டு இந்த மேசைக்கு முன்னால் நின்றவர் என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் சாவுக்கு வந்தவன் வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவிலேயே நின்றுவிட்டுத் திரும்பியிருக்க மாட்டேன். உள்ளே வந்து முகத்தைப் பார்த்திருப்பேன். இந்தக் கோபம் தீரவில்லை, தீர்ந்ததாகச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த மரத்தடியில் இன்னும் நிற்கிறேன் என்று நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அங்கேதான் இருந்திருக்கிறீர்கள்.

பயம் குறையவில்லை, சார். அந்த மலை எவ்வளவு உயரம் என்று படித்ததிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. எழுதி வைத்தால்தான் செய்வார்கள் என்றீர்கள். தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. அதில் எழுதியிருப்பதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

வசந்தி மிஸ், வண்டி கிளம்பும் ஒவ்வொரு தடவையும், கோயிலிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை பதில் சொன்னால் ஏற்கக் கூடாது. ஒரே ஒரு விலக்கு, அது கடைசியில் இருக்கிறது.

கம்பெனிப் பையன் புள்ளிகளைப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மிஸ் முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை டிரைவருக்குக் கை காட்டக் கூடாது.

கலா, பழைய போனுக்குப் பயணத்துக்கு முன் புது பேட்டரி போட வேண்டும்.

நிவேதா, எந்தச் சுவர் பிடித்தாலும் நின்று பார்க்கலாம். நிற்கும் முன் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்ல வேண்டும். விட்டுவிட்டுப் போய்விட்டால் பின்னால் ஓடக் கூடாது. கடைசியாக எல்லாரும் இருந்த இடத்தில் நிற்க வேண்டும். தேடி வருகிறவர் அங்கேதான் வருவார். நீங்கள் வந்தீர்கள், சார், அதை நான் மறைக்க மாட்டேன்.

நான், நாளைக் காலை இதற்குக் கீழே மிஸ் கையெழுத்துப் போட்ட பிறகு என் கையெழுத்தைப் போட வேண்டும். அந்தப் பத்து நாளும் கடையைத் திறக்க வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு சுற்றை விட்டுவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. மிஸ் முதல் பெயராகத் தேசிங்கு என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் நிவேதா, பக்கத்தில் யார் சிரித்தாலும் பரவாயில்லை, "உள்ளேன் ஐயா" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் பதில் சொல்லி முடித்ததும், சார், நீங்கள் பஸ்ஸை எடுக்கச் சொல்லலாம்.