பிரேக்குக்குப் போட்ட எண்ணெய்

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரேமலதாவுக்கு அப்பா பூதத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அதிலும் இன்று காலையிலிருந்து அதிகப்படி நலம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருக்க நம் சுடலைமாடன் துணையிருப்பார். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் உன் அம்மா பக்கத்தில் இருந்துகொண்டு நான் சொல்கிற ஒவ்வொன்றையும் திருத்துவாள். பக்கத்து வீட்டுக் கரீம் பாட்சா செவ்வாய்க்கிழமை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறான், அவனிடம் கொடுத்துவிடத்தான் இந்தக் கடிதம். கையெழுத்து குதித்தால் நானும் குதிக்கிறேன் என்று எடுத்துக்கொள்.

எல்லாம் நீ வாங்கிக் கொடுத்த, சக்கரம் வைத்த சாய்வு நாற்காலி விஷயம்தான். பக்கவாதம் வந்த பிறகு கட்டிலே கதியென்று கிடந்தவள் அதில் சாய்ந்தும் நிமிர்ந்தும் உட்கார்ந்து, வாசலில் கல்லிச் சந்தில் யார் போகிறார்கள், என்ன வாங்கி வருகிறார்கள் என்று வேடிக்கை பார்த்ததை நீயும் வீடியோவில் பார்த்தாய். அப்புறம் ஆயுத பூஜை வந்தது. ரிப்பேருக்கு வந்திருந்த தையல் மெஷின்களோடு நாற்காலியையும் வரிசையில் வைத்தேன். துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மெஷினுக்குச் செய்கிற மாதிரியே அசைகிற இடமெல்லாம் எண்ணெய் விட்டேன். சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக்கும் அசைகிறதே, அதற்கும் விட்டேன்! மெஷின்காரன் கை, எண்ணெய்க் கேனை எடுத்தால் சும்மா இருக்குமா? மறுநாள் அவளை உட்காரவைத்து, பிரேக்கைப் போட்டு, முதுகுப் பக்கத்தைச் சாய்த்தேன். நாற்காலி வழுக்கிக்கொண்டு போய் பீரோவில் இடித்து நின்றது. அடி ஒன்றும் இல்லை, பதறாதே. கட்டிலுக்குப் போனவள், "இனி அந்த வண்டியில என்னைய ஏத்தாதேயும்" என்று சொல்லிவிட்டாள். படுத்தே கிடந்தால் புண் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதேபோல் முதுகில் சிவப்பு தட்டத் தொடங்கியது. கெஞ்சினேன், கோபப்பட்டேன், வடாபாவ் வாங்கி வந்து லஞ்சம் கொடுத்தேன். வடாபாவை மட்டும் சாப்பிட்டாள்.

விற்ற கடைக்குப் போன் போட்டேன். காட்கோபரிலிருந்து சாதியா என்ற மெக்கானிக் பெண் வந்தாள். சக்கரத்தைத் தொட்டு விரலை மோந்து பார்த்தவள், "அரே சாச்சா, பிரேக்குக்கு யாராச்சும் எண்ணெய் போடுவாங்களா?" என்று சிரித்த சிரிப்பில் கல்லியே எட்டிப் பார்த்தது. பிரேக் ரப்பரை மாற்றி, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தெடுத்துவிட்டு, தினமும் ஆளை ஏற்றும் முன் என்ன பார்க்க வேண்டும் என்றும் செய்து காட்டினாள். பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பார்க்க வேண்டும், வெறும் நாற்காலியை முழுக்கச் சாய்த்து நிமிர்த்த வேண்டும், நட்டு ஏதாவது தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டும், கால் பலகையை மடக்கும்போது சேலையோ விரலோ நடுவில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வெறும் நாற்காலிய ஆட்டிக் காட்டுனா ஆச்சா? நீரு உக்காந்து சாஞ்சு காட்டும், நான் பாக்குதேன்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நான்தான் நோயாளி, அவள்தான் இன்ஸ்பெக்டர். இடது பக்கம் ஏதோ கிரீச்சென்கிறது என்பாள், இறங்கி நட்டை இறுக்குவேன். இன்னும் சாயும் என்பாள், சாய்வேன். ஆனால் சரியாக இருக்கிறது என்று ஒரு நாள்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. இன்று என்ன ஆயிற்று தெரியுமா? முழுக்கச் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப் போனேன்! குறட்டை வேறு விட்டிருக்கிறேன். கண் விழித்துப் பார்த்தால் உன் அம்மா சிரிக்கிறாள் பிரேமா, நோய் வந்த பிறகு இன்றுதான் வாய்விட்டுச் சிரிக்கிறாள். "எந்திரியும்! எம்புள்ள எனக்கு வாங்குனாளா, உமக்கு வாங்குனாளா?" என்று நல்ல கையை என் பக்கம் நீட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை எழுத வெட்கமில்லை. பிரேக்கை இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு அவளை ஏற்றி உட்காரவைத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கரீம் பாட்சாவிடம் உனக்கு முறுக்கு கொடுத்தனுப்புகிறேன், மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த மனதோடு வாழ எங்கள் ஆசீர்வாதம். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கட்டிலுக்கு மாற்றிவிடட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். தூக்கம் வந்தால் என்னைப் போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பூதத்தான்